முத்திரை ஒட்டாத குரல்

காலை ஆறரைக்கு மாம்புரியில் கற்பிட்டி-கொழும்பு பஸ் ஏறியபோது என் பையில் மாற்றிக்கட்ட ஒரு சாரம், ஒரு தடித்த புத்தகம், ஒரு கசட். புத்தகம் மூன்று நாளாகப் பத்தாம் பக்கத்திலேயே நின்றது, குற்றம் கடற்காற்றினுடையது. கசட் ஜசீமாவினுடையது. நான் தங்கியிருந்த தென்னந்தோட்டத்துக்குப் பக்கத்து அகதி முகாமில், மன்னாரிலிருந்து வந்து தங்கியிருப்பவர். கணவர் கட்டாரில்.

யுத்தகாலத்தில் இந்தக் கரையின் தபால் இப்படித்தான். கடிதத்தை யாராவது பிரித்துப் பார்ப்பார்கள். புத்தளத்து டெலிபோன் கடையில் வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் நம் கதைக்குக் காது கொடுப்பார்கள். ஆகவே பழைய பாட்டுக் கசட்டின்மேல் பேசிப் பதிந்து, கைமாற்றிக் கைமாற்றி வளைகுடாவரை அனுப்பிவிடுகிறார்கள். முத்திரையும் இல்லை, அரசாங்கமும் இல்லை. அன்றைய தபால்காரன் நான். இரவு கட்டார் பறக்கும் ஒருவர் மருதானையில் காத்திருந்தார்.

"இண்டைக்கே சேரோணும் சேர்," என்றார் ஜசீமா. "காணிக்காரர் நோன்பு வரைக்கும்தான் பொறுப்பாராம். அடுத்த ஆள் எப்ப போகுமோ, ஆருக்குத் தெரியும்?"

ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பாலாவிச் சந்தி. சோதனைச்சாவடி. இளம் சிப்பாய் ஒருவர் கசட்டைத் தூக்கி, "இது என்ன?" என்றார் சிங்களத்தில். பாட்டு என்று சொல்லியிருக்கலாம். அட்டையில் நடிகையே சிரித்துக்கொண்டிருந்தாள். படித்தவனல்லவா, இலக்கணச் சுத்தமான சிங்களத்தில், "இது ஒரு கடிதம்" என்றேன்.

உடனே அது சாரதியின் பாட்டுப் பெட்டிக்குள் போனது. ஒலிபெருக்கியில் ஜசீமாவின் குரல்:

"இஞ்ச பாருங்க, ஆறு மாசமா ஒரு கதையுமில்ல. ஒட்டகத்துக்குப் பக்கத்தில இருந்து நீங்களும் ஒட்டகமாயிட்டீங்களா?"

பஸ் முழுதும் சிரித்தது. என்ன சொல்கிறாள் என்று சிப்பாய் கேட்டார். பக்கத்து இருக்கையிலிருந்த கனமூலை ஊர் ஹாஜியார் முகம் மாறாமல் சிங்களத்தில் சொன்னார்: "கணவரின் சுகம் விசாரிக்கிறார்."

"அதற்கேன் சிரிப்பு?"

"சந்தோசத்தில் மாத்தயா."

கசட்டில் குரல் தணிந்தது. "மாமிக்கு ஊருக்குத் திரும்பிப் போற கதை மட்டும்தான். எனக்கும் ஆசை இல்லாமலில்ல. ஆனா பிள்ளைகள் ஓலைக் கொட்டிலுக்குள்ளேயே வளருதுகள். இஞ்ச ஒரு துண்டுக் காணி வாங்குவம். ஓம் எண்டு ஒரு சொல்லு அனுப்புங்க."

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. ஹாஜியார் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தார். சிப்பாய் அவரைப் பார்த்துக் கேட்டார்:

"அங்கே கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பா?"

அவ்வளவுதான். இரண்டு மொழியிலும் பஸ் வாய் திறந்தது.

"மாம்புரித் தண்ணி தேன்!"

"தேனாம்! கடல் பக்கம் தோண்டிப் பாருங்க நானா, விளங்கும்."

"ரோட்டுக்கு இங்கால எண்டா நல்ல தண்ணிதான்," என்றார் நடத்துனர்.

"அப்படியென்றால் ரோட்டுக்கு இந்தப் பக்கமே வாங்கட்டும்," என்று தீர்ப்புச் சொல்லிக் கசட்டைத் திருப்பித் தந்தார் சிப்பாய்.

மதுரங்குளி வரை ஹாஜியார் என் பேனாவைக் கசட்டின் பல்லுக்குள் விட்டுச் சுற்றிக்கொண்டு வந்தார். "மனுசன் ஏச்சைத் தொடக்கத்திலயிருந்து கேக்கோணுமே!" அந்தப் பயணத்தில் என் பேனா செய்த ஒரே வேலை அது.

பகல் ஒரு மணிக்கு மருதானையில் கசட்டை ஒப்படைத்துவிட்டு வெள்ளவத்தைக்கு, வீட்டுக்கு வந்தேன். எங்களிடம் டெலிபோன் உண்டு. மாலையில் தம்பி கனடாவிலிருந்து எடுத்தான். யாராவது ஒட்டுக்கேட்கக்கூடும் என்று இருவரும் மழையைப் பற்றியே பேசினோம். கொழும்பில் அப்போது மழைகூட இல்லை.

நோன்புக்குச் சில நாள் முன்பு, புறக்கோட்டை பஸ் நிலையத்தில் அதே நடத்துனர் மிதிபலகையில் தொங்கியபடி கற்பிட்டி, கற்பிட்டி என்று கூவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கூவுவதை நிறுத்தவில்லை, விஷயத்தை மட்டும் மாற்றினார்:

"சேர்! ஓம் எண்டுட்டாராம்! ரோட்டுக்கு இங்கால!"