மகாரி என்றால் ஒருவேளை இல்லை

என் கணவர் இத்தாலியில், பலர்மோ நகரத்தில் இருக்கிறார். தனியாக வாழும் ஒரு வயதான அம்மாவின் வீட்டிலேயே தங்கி அவரைப் பராமரிக்கும் வேலை. அவருடைய இத்தாலியன் காதால் பிடித்தது. என்னுடையது ஊரில், வேலணையில், சமையல் செய்யும் எங்கள் குசினி மேசையில், எழுத ஒரு கொப்பியையும் கைத்தொலைபேசியையும் வைத்துக்கொண்டு படித்தது. என்றைக்காவது அங்கே போனால் கடையில் ஊமையாக நிற்கக் கூடாது என்ற வீம்பில்தான் தொடங்கினேன்.

முதல் வாரமே எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. குசினிக்கு அவர்கள் 'குச்சினா' என்கிறார்கள், பேக்கரிப் பாணுக்கு 'பானே'. பாடக் காணொளியில் வரும் பெண், 'பாலா' என்றால் மண்வாரி, 'பல்லா' என்றால் பந்து, இந்த வித்தியாசம் வெளிநாட்டவர் வாயில் லேசில் வராது என்றாள். கனி, கன்னி என்று சொல்லி வளர்ந்தவளுக்கா வராது? முதல் தடவையே சொன்னேன். கேட்கத்தான் ஆளில்லை.

என்னைப் படாதபாடு படுத்தியது 'மகாரி' என்ற சொல். அகராதியில் 'ஒருவேளை' என்று இருந்தது. ஆனால் நாடகங்களில் அதைத் தனியாக, இழுத்துச் சொல்கிறவர்களின் முகம் ஒருவேளை என்று சொல்கிற முகமாக இல்லை. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுத்தான் பிடித்தேன். தனியாக வந்தால் அதற்கு 'அப்படி நடந்தால் எவ்வளவு நல்லது' என்று பொருள். கொப்பியில் ஒரு முழுப் பக்கம் அதற்கே போனது.

ஒருநாள் மத்தியானம் கணவர் வீடியோவில் அழைத்தார். குரல் செத்திருந்தது.

"நீர் இஞ்ச வந்து எங்களோட இருக்கலாமோ எண்டு இந்த அம்மாவிட்டக் கேட்டனான். சரிவராது போல. வேற வீடு, வேற வேலைதான் பார்க்கவேணும்."

"அவ என்ன சொன்னவ? அந்தச் சொல்லை அப்பிடியே சொல்லுங்கோ."

"மகாரி எண்டவ. போனில தேடிப் பார்த்தனான், ஒருவேளையாம். ஏலாது எண்டு நேர சொல்ல மனமில்லாமல் சொல்லியிருப்பா."

"வேற ஒண்டும் சேர்த்துச் சொல்லேல்லையே?"

"இல்லை. ரெண்டு கையையும் மேல தூக்கினவ."

நான் கொப்பியை இழுத்து மகாரிப் பக்கத்தைத் திறந்தேன். "போனை அவவிட்டக் குடுங்கோ."

"உமக்கு விசரே?"

"குடுங்கோ எண்டுறன்."

அதுவரை நான் ஒரு இத்தாலியரோடும் பேசியதில்லை. திரையில் நரைத்த தலையும் தடித்த கண்ணாடியும் தெரிந்தன. நீங்கள் என்று மரியாதையாகச் சொல்ல, 'அவள்' என்று பொருள்படும் அதே 'லேய்'தான் வரவேண்டும். அதை முதலில் நினைவில் நிறுத்திக்கொண்டு வணக்கம் சொன்னேன். பிறகு மெதுவாகக் கேட்டேன், நீங்கள் சொன்ன மகாரி 'ஒருவேளை'யா, அல்லது மற்ற மகாரியா என்று.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "மகாரி வெனிஸ்ஸே!" என்றார், என் கணவர் பக்கம் திரும்பி. அவள் வந்தால் எவ்வளவு நல்லது! ஆசையைச் சொல்லும் அந்த இரட்டை 'ஸ்'ஸைக் கேட்டதும் என் கண் கலங்கிவிட்டது. எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய் என்று கேட்டார். என் குச்சினாவில் என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்.

பக்கத்தில் நின்ற கணவருக்கு விஷயத்தைத் தமிழில் சொன்னேன். அவர், "இத்தனை வருசம் இருந்தும் எனக்கு இது தெரியாமல் போச்சுதே," என்றார். அவர் குரலில் வெட்கத்தைவிடப் பெருமைதான் அதிகமாக இருந்தது.

அந்த வாரமே அவர்கள் எனக்காக ஒரு அறையை ஒழித்துக் கட்டில் போட்டார்கள். விசாவுக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அம்மா தானாகவே என்னை அழைக்கிறார். போன கிழமை பேச்சின் நடுவே கணவர் ஏதோ விளக்கப் போக, அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ பொறு. உன் மனைவியிடம் கேட்கிறேன்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.