முன் சக்கரத்து பிரேக்

அக்காவின் கணவர், அதாவது எங்கள் அத்தான், பேருந்துப் பணிமனையில் முப்பத்தொரு வருஷமாக பிரேக் மெக்கானிக். நாலு வார்த்தை பேசினால் அதில் ரெண்டு பிரேக்கைப் பற்றித்தான் இருக்கும். அக்கா இருந்தவரை எல்லாருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். அவள் இறந்த பிறகு அந்த வீட்டில் ஃபிரிட்ஜ் மட்டும்தான் முனகிக்கொண்டிருக்கிறது.

ஒரே மகள். வேலைக்காகக் கடல் தாண்டிப் போய்விட்டாள். ஞாயிறு பதினோரு மணிக்குக் கூப்பிடுவாள்.

"சாப்டியாப்பா?"

"ஆச்சும்மா. நீ?"

"ஆச்சு."

அப்புறம் ரெண்டு பேரும் தொண்டையைச் செருமிக்கொண்டிருப்பார்கள். மூன்றே நிமிஷம்! ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார் என்பதால் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கேட்பேன்.

போகும்போது பழைய கம்ப்யூட்டரையும் அதில் ஒரு விளையாட்டையும் விட்டுப் போயிருந்தாள். ராக்கெட், வண்டி எல்லாம் நாமே துண்டு துண்டாகக் கட்டி விண்வெளிக்கு அனுப்பவேண்டும். அவளுடைய விண்வெளி வீரன் ஒருவன் குட்டி நிலா ஒன்றில் எரிபொருள் தீர்ந்து நின்றான். "அவனைக் காப்பாத்துப்பா" என்று சும்மா சொல்லிவிட்டுப் போனாள். மனுஷன் அதைப் பிடித்துக்கொண்டார். "இத முடிச்சா அவகிட்ட பேச ஒரு விஷயம் இருக்கும் மச்சான்" என்றார்.

எப்படியோ ஒரு ராக்கெட்டை இறக்கிவிட்டார், எட்டு கிலோமீட்டர் தள்ளி. அங்கிருந்து வீரனிடம் போய்வர வண்டி வேண்டும். கட்டினார். முன் சக்கரத்தில் பலமான பிரேக் வைத்தார். நம் சாலைக்கு அதுதான் சரி. அந்த நிலாவிலோ எடை என்பது பேருக்குத்தான். சரிவில் பிரேக் போட்டதும் பின்பக்கம் தூக்கிக்கொண்டு வண்டி குட்டிக்கரணம் அடித்தது. பிரேக்கை இன்னும் கூட்டினார். இன்னும் அழகாகக் கவிழ்ந்தது.

"முன் பிரேக்கையே எடுத்துப் பாருங்களேன் அத்தான்."

"முன் பிரேக் இல்லாத வண்டிய என் கையால வெளிய அனுப்பமாட்டேன்."

"அங்க என்ன, இன்ஸ்பெக்டரா நிக்கிறான்?"

கோபித்துக்கொண்டு ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்று வாரம் இதே கூத்து.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவரே கூப்பிட்டார். முன் பிரேக்கை எடுத்துவிட்டிருந்தார். சக்கரங்களை அகலத் தள்ளி, கனமான பேட்டரிகளை அடியில் மாட்டியிருந்தார். வண்டி மெல்லச் சரிவில் இறங்கியது, நின்றது. வீரன் ஏறி உட்கார்ந்தான்.

"நின்னுடுச்சு பாரு!" என்று என் தொடையில் ஓங்கி ஒரு அடி. அக்கா போனபின் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் ஃபோன் வந்தபோது நானும் இருந்தேன். பெருமையடிக்கப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"அந்த நிலாவுக்கு வண்டி கட்டினேம்மா" என்றார்.

"நிஜமாவாப்பா?"

"ஆனா கவுந்துக்கிட்டே இருக்கு. என்ன பண்றதுன்னே தெரியல."

அடப்பாவி மனுஷா! நான் வாய் திறக்குமுன் என் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"முன் பிரேக்க வச்சிருப்பியே?" என்று அவள் கத்தினாள். "முதல்ல அத எடு!"

"அதெப்படிம்மா, முன் பிரேக் இல்லாம?"

அவ்வளவுதான். திட்டினாள், சிரித்தாள், சக்கரத்தை எவ்வளவு அகலமாக வைக்கவேண்டும் என்று பாடமே நடத்தினாள். இவர் ஒன்றுமே தெரியாதவர் மாதிரி குறுக்குக் கேள்வி கேட்டு, எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதிக்கொண்டார். நாற்பது நிமிஷம். அடுத்த வாரம் என்ன ஆச்சென்று கட்டாயம் சொல்லவேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டுத்தான் வைத்தாள்.

"ஏன் அத்தான் பொய் சொன்னீங்க?" என்று பாய்ந்தேன்.

"அவன் வண்டில ஏறிட்டான்னு சொல்லியிருந்தா, 'சூப்பர்ப்பா'ன்னு சொல்லி ஃபோன வச்சிருப்பா மச்சான்."