ஏழாம் எண் குழாய்

கோமளாக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி, திருப்பதி பஸ் நிலையத்தில் நான் இறங்கும்போது போனில் வந்தது. மாரடைப்பு. நகரியிலிருந்து அவர் வழக்கமாக வரும் பஸ் அப்போதுதான் உள்ளே வந்து நின்றது. என்ன செய்வதென்று புரியாமல், கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஆய்வகத்தில் ரத்த மாதிரிகளைக் கவனித்துக்கொண்டவர் அவர். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களின் ரத்தத்தில், புரதம் உண்டாக்காத ஆர்.என்.ஏ.க்கள் எப்படி மாறுகின்றன என்பது எங்கள் ஆராய்ச்சி. ரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்கு இதை விளக்க நான் திணறினால் அவர் முந்திக்கொள்வார். "இது மாமியார் மாதிரிம்மா. அடுப்பாண்ட வராது. ஆனா எத வேக வெக்கணும், எத எறக்கணும்னு சொல்லிக்கினே இருக்கும்." தெலுங்கிலும் இதையே சொல்வார், கேட்பவர்கள் இரண்டு மொழியிலும் சிரிப்பார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க வலியில்லாதவர்களின் ரத்தமும் வேண்டும். ஐம்பது தாண்டியவர்களில் அப்படி ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒருநாள் அக்காவே கையை நீட்டினார். "எனக்கு ஒரு வலியும் இல்ல, எடுத்துக்கோம்மா." எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் முந்தின வாரம்தான் அவர் திருமலைக்கு நடந்தே ஏறி, லட்டு கொண்டுவந்து தந்திருந்தார். அத்தனை படி ஏறியவருக்கு முழங்காலில் என்ன கோளாறு இருக்கப்போகிறது? எங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தான் நினைப்போம். அவருடைய ரத்தம் ஏழாம் எண் குழாய் ஆனது.

அந்தக் குழாய் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. மூன்று முறை சோதித்தும் நோயாளிகள் பக்கமே போய் நின்றது. ரத்தத்தை இயந்திரத்தில் சுழற்றிப் பிரித்தவர் அவர்தான் என்பதால் எல்லோர் முன்னாலும் கேட்டேன்: "கை ஒரு பக்கம், புத்தி ஒரு பக்கமா வேலை செஞ்சீங்களா?" ஆய்வகக் குறிப்பேட்டிலும் 'பிரித்ததில் கவனக்குறைவு, கோமளா' என்று எழுதினேன். இதைப் படிக்கும் ஆய்வக நண்பர்களே, உங்களில் சிலர் அன்று அங்கே இருந்தீர்கள். "இருக்கும்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

காரியத்துக்கு நகரி போனபோது அவர் வீட்டில் தறி ஓடாமல் நின்றிருந்தது. அவர் கணவரிடம், "மலைகூட நடந்தே ஏறினாங்களே, நல்லாத்தானே இருந்தாங்க," என்றேன்.

"முட்டிவலி போவணும்னு வேண்டிக்கினுதான் மேடம் நடந்துச்சு. நாலு வருசமா தைலம் தேச்சிக்கினு கெடந்துச்சு. உங்ககிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை. ஏன்? வலி என்றால் ஐஸ் பெட்டியோடு மூன்று மாடி ஏறும் அந்த வேலை போய்விடும் என்றா? நான் ஆள் கிடைக்காமல் தவித்ததைப் பார்த்து இரக்கப்பட்டா? திட்டியபோதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர்மீது கோபம் வருகிறது, உடனே என்மீது வெட்கம் வருகிறது. யோசிக்க யோசிக்க குழப்பம்தான் மிச்சம்.

ஏழாம் எண்ணை வலியில்லாதவர்கள் வரிசையிலிருந்து எடுத்துவிட்டேன். முடிவுகளை மறுபடியும் போட்டுப் பார்க்க வேண்டும். குழாயை எறிய மனம் வரவில்லை, உறைபெட்டியிலேயே இருக்கிறது. குறிப்பேட்டில் பழைய வரியை அழிக்கக் கூடாது, கோடு கிழித்துப் பக்கத்தில் திருத்தம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. அப்படியே செய்தேன்: 'பிரித்ததில் பிழை இல்லை. கோமளாவின் கை சுத்தமானது. முழங்காலைப் பார்க்காமல் விட்டது நான்.'