முசியே மார்செல் கீறிய என் மனுசன்

இந்த நாட்டில் லிஃப்டுக்குள் முன்பின் தெரியாத ஆளும் "போன்ஜூர்" சொல்லுவார். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எந்த ஊர், ஆருடைய பிள்ளை என்று ஒரு கேள்வியும் கிடையாது. வந்த புதிதில் நான் அவர்களுடைய முகத்தைப் பார்ப்பதில்லை. விரலைத்தான் பார்ப்பேன், எங்கேயாவது சாயம் ஒட்டியிருக்கிறதா என்று.

கிளிநொச்சியில் எங்கள் ஒழுங்கைக்கு பிரான்சிலிருந்து லீவில் வந்த ஒருவர் சொல்லியிருந்தார்: அங்கே தெருவோரத்தில் ஆளைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி ஆறுமுன் முகத்தைப் படமாகக் கீறிக் கொடுத்துவிடுவார்களாம். அந்த நாட்டுப் பிள்ளை பிறக்கும்போதே கையில் பென்சிலோடுதான் பிறக்கும் என்று நாங்கள் முடிவுகட்டிவிட்டோம். எனக்கு அது பெரிய ஆறுதல். என் மனுசனின் ஒரே படம், முள்ளிவாய்க்கால் பக்கம் ஓடிய நாட்களில் பெட்டியோடு போய்விட்டது. திவசத்துக்கு மாலை போட ஒரு முகம் இல்லாமல், வெறும் விளக்குக்கு முன்னால்தான் படைத்துக்கொண்டிருந்தேன். மகன் பிரான்சுக்குக் கூப்பிட்டபோது எல்லாரும் குளிரைச் சொல்லிப் பயமுறுத்தினார்கள். நான் படத்தை நினைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

கீழ்வீட்டு முசியே மார்செல் என் வயதுக்காரர். மருமகள் யசோவைக் கூட்டிக்கொண்டு போய், என் மனுசனைக் கீறித் தரச் சொல்லிக் கேட்டேன். அவர் கையை விரித்தார்.

"மாமி, அவர் பஸ் ஓடின ஆளாம். கீறத் தெரியாதாம்."

"சாப்பிடச் சொன்னாலும் நாங்கள் முதல்ல வேண்டாம் எண்டுதானே சொல்லுறனாங்கள். திருப்பிக் கேள் பிள்ளை."

ஒவ்வொரு ஞாயிறும் வடையோடு போனேன். ஒவ்வொரு ஞாயிறும் அவர் "நோன்" என்றார். வடையை மட்டும் வேண்டாமென்று சொல்லவில்லை. ஒருநாள் அவரும் கேட்டார்: உங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாரும் நாட்டியக்காரிகளாமே, கொஞ்சம் ஆடிக்காட்டுங்களேன் என்று.

"என்ரை முழங்கால் நல்லா ஆடும், பாக்கச் சொல்லு" என்றேன். யசோ அதை அவருக்குச் சொல்லவில்லை.

கடைசியில் மனிதர், வடை தின்ற வெட்கத்தில் கலர்ப் பென்சில்களை எடுத்தார். "நெற்றி இரணைமடு அணைக்கட்டு மாதிரி நீட்டு" என்றேன். மூக்கு எப்படி என்று கேட்டார். கண்ணை மூடினேன். என் மனுசனின் நடை தெரிந்தது. இருமல் தெரிந்தது. சைக்கிளை வேலியில் சாத்துகிற சத்தம்கூடத் தெரிந்தது. மூக்கு வரவில்லை. எல்லாருக்கும் இருக்கிற மாதிரித்தான் என்றேன். அவர், பாவம், சுவர்க் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துக் கீறினார். இடுப்பில் சாரமும் தோளில் துவாயும் நான் சொன்னபடியே வந்தன. முகம் முசியே மார்செல்.

திவசத்தன்று மாலை போட்டு, கிளிநொச்சியில் இருக்கிற மகள் வசந்திக்குப் போனில் காட்டினேன்.

"அம்மா, இதார்? ஐயாவுக்கு எப்ப கண் நீலமானது?"

"குளிருக்கை இருக்கிறாரெல்லே."

அவள் சிரிக்கவில்லை. "கழட்டுங்கோ அம்மா. இது எங்கட ஐயா இல்லை."

"அப்ப ஐயான்ரை மூக்கு எப்பிடி இருந்தது? சொல்லு பிள்ளை, திருத்துவிப்பம்."

"ஐயான்ரை மூக்கு..." என்று தொடங்கியவள் தன் மூக்கைத் தடவிப் பார்த்தாள். பிறகு அழத் தொடங்கினாள்.

மாலையை நான் கழற்றவில்லை. கழற்றினால் அந்தச் சுவரில் யார் இருப்பது? இப்போது லிஃப்டில் முசியே மார்செலைக் கண்டால் கை தானாகச் சேலைத் தலைப்பை இழுத்துவிடுகிறது. கண்ணை மூடினால் இரணைமடு அணைக்கட்டில் சாரமும் துவாயுமாக ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிறார். நடை அவர்தான், இருமலும் அவர்தான். கிட்ட வந்து, சைக்கிளை நிறுத்தி, "போன்ஜூர்" என்கிறார்.