ஆறு இலக்கத்தை வாசித்தவன்

வங்கி அட்டையின் முன்பக்கம், பின்பக்கம், பிறகு கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்கம். எல்லாவற்றையும் ஒரு திருடனுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன், அதுவும் நல்ல உச்சரிப்போடு. காசு என்னுடையதாக இருந்திருந்தால் இதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன்.

தெமோதரைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆங்கிலத்தில் எது வந்தாலும் என்னிடம்தான் வரும். ஆங்கிலம் கற்பிக்கிறவன், வீட்டில் அலுமாரி நிறையப் புத்தகம். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்பது அடக்கத்துக்காகச் சொல்வது.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் மேல் லயத்து அக்கா முப்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர். அவருடைய சேமலாப நிதிப் பணம் வங்கியில் கிடந்தது. ஏழு பேர்ச் துண்டுக் காணியில் சுவர் மட்டும் எழும்பி நின்ற வீட்டுக்கு அதில்தான் கூரை போட வேண்டும். பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு காலை, அழைப்பை வெட்டாமலே கைப்பேசியும் வங்கி அட்டையுமாக வந்தார். பேங்கிலிருந்து பேசுகிறார்களாம், அட்டை நின்றுபோகுமாம், நம்பர் கேட்கிறார்களாம்.

வாங்கிப் பேசினேன். அவன் மரியாதையான ஆள்.

"சேர் மாதிரி படிச்சவங்ககிட்ட பேசுறது எங்களுக்கு லேசுங்க" என்றான்.

அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? அட்டையின் இரண்டு பக்கத்தையும் வாசித்தேன்; குறுஞ்செய்தி வந்ததும் அதிலிருந்த ஆறு இலக்கத்தையும் ஒப்பித்தேன். அதற்கு அடுத்த வரியில், இதை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதையும் வாசித்து, அக்காவுக்குத் தமிழில் விளக்கினேன். அதற்குள் அவன் போய்விட்டான்.

பதுளையில் வங்கிக்கு ஓடினோம். கணக்கில் கூரைக்கு ஓர் ஆணி வாங்கக்கூட மிச்சமில்லை. நீங்களே கொடுத்த நம்பருக்கு நாங்கள் என்ன செய்வது என்றார் அதிகாரி. தமிழ்கூடத் தட்டுத்தடுமாறி வாசிக்கிறவரின் காசை ஆங்கிலத்தில் காவல் காக்கிற வங்கியை என்ன சொல்ல? லயத்து அறையிலேயே வயதாகிப்போனவரின் கூரையைத் தேடிப் பிடுங்கிய அந்த நாயை என்ன சொல்ல? ஒரு 'சேர்' கேட்டதும் பல்லிளித்த என்னை? அழைப்பை வெட்டிவிட்டு, அட்டையின் பின்னால் இருக்கும் எண்ணுக்கு நாமே பேசியிருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.

பொலிஸ் முறைப்பாட்டை நானே எழுதினேன். நடை நன்றாக வந்திருந்தது. அதற்காகவும் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில், இனி எந்த மெசேஜ் வந்தாலும் முதலில் என்னிடம் காட்டச் சொன்னேன். அக்கா கைப்பேசியைப் பைக்குள் போட்டு மூடினார்.

"வேணாங்க சேர். யாரும் வாசிக்காம இருந்த வரைக்கும் காசு பத்திரமாத்தான் இருந்திச்சு."