பதில் வருமுன்னே பச்சை

மூத்தவளுக்குக் கண் மங்கத் தொடங்கிய சமயம். ஒரு நாள் காலையில் கைபேசியை எடுத்தவள் திகைத்துப் போனாள். எழுத்தெல்லாம் கட்டைவிரல் அகலத்துக்குப் பெரிதாகியிருந்தது. தினமும் தேடித் தேடி எடுக்கிற பிரார்த்தனைப் பாட்டு, திறந்ததும் முகப்பிலேயே நின்றது. வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. கொழுந்தனின் மனைவி மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு, தேவைக்கு மேல் சத்தமாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

அந்த இளையவளுக்கு வீட்டில் வைத்த பெயர் பட்டாசு. நெருப்பே வேண்டாம், பார்த்தாலே வெடிப்பாள். அடுப்பு பற்றாவிட்டால் அடுப்போடு சண்டை, கதவு இறுகினால் கதவோடு சண்டை. அவளும் மூத்தவளும் ஒரே வீட்டில் இத்தனை காலம் ஒரு சொல் தடிக்காமல் இருந்தார்கள் என்றால், அது கடவுள் கிருபை. மூத்தவள் அப்படித்தான் நம்பினாள்.

கணவனுக்கு வேலை போனதும் பட்டாசு வலைத்தளம் செய்யும் படிப்பில் சேர்ந்தாள். செருப்புக் கடைக்கு மேலே மாடியில் வகுப்பு. முடித்தால் ஒரு கம்பெனியில் சேர்த்துவிடுவதாகப் பயிற்சி கொடுக்கும் சார் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கின் மேல்தான் வீடே சாய்ந்திருந்தது.

சமையலறையில் நின்றபடி பாடத்தை மூத்தவளுக்கு ஒப்பிப்பாள்.

“அக்கா, போன்ல பார்க்கிற பக்கம் இருக்கே, அதுக்குத் தானா ஒண்ணும் தெரியாது. எங்கயோ இருக்கிற சர்வர்னு ஒரு கம்ப்யூட்டர்கிட்ட கேட்டுத்தான் சொல்லும். அப்படிக் கேட்டுப் பதில் வாங்குற வழிதான் வெப் சர்வீஸ்.”

“நேத்து ஸ்டேட்டு, ஸ்டேட்டுன்னு புலம்புனியே, அது?”

“அது பக்கத்தோட ஞாபகம். எதைத் தொட்டீங்க, பதில் வந்துச்சா வரலையா, எல்லாம் அதுல இருக்கும். அதுவும் சர்வர்ல இருக்கிறதும் ஒத்துப்போகணும். போக மாட்டேங்குது, சனியன்!”

“காலங்காத்தால அந்த வார்த்தை வேணாம்டி.”

“சரி. போக மாட்டேங்குது, தெய்வமே!”

மூத்தவள் சிரித்துவிட்டாள்.

மூத்தவள் தரை துடைத்தது ஒரு கண் மருத்துவமனையில். அங்கே மருத்துவரைப் பார்க்கக் கைபேசியிலேயே நேரம் பதிவு செய்யும் பக்கம் ஒன்று புதிதாக வந்திருந்தது. ஒரு நாள், ஒரு கண்ணில் கட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் மகளோடு வந்தார். பஸ் மாறி மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. வரவேற்பு மேசையில் இருந்த பெண், “உங்க பேர் இல்ல. அந்த நேரம் வேற ஒருத்தருக்கு” என்றாள்.

“பச்சை காட்டுச்சேம்மா. உறுதின்னு போட்டிருந்துச்சே.”

“இங்க இல்லைன்னா இல்லதான்.”

பெரியவர் வாசல் படியில் உட்கார்ந்து, திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் அழுதார். துடைப்பானைப் பிடித்துக்கொண்டு நின்ற மூத்தவளுக்கு நெஞ்சு கொதித்தது. அந்த வாரம் அப்படித் திரும்பிப் போனவர் அவர் மட்டுமல்ல.

அன்று வீட்டுக்கு வந்தவள் பையைச் சுவரோரம் வீசினாள். அவள் எதையும் வீசி யாரும் பார்த்ததில்லை.

“எவன் செஞ்சானோ அந்தப் பக்கத்தை! அவன் நல்லா இருக்கட்டும், நான் சபிக்க மாட்டேன். ஆனா அவனைப் பெத்தவரை ஒரு நாள் அந்தப் படியில உட்கார வைக்கட்டும் கடவுள்!”

“எங்க, காட்டுங்கக்கா” என்று கைபேசியை வாங்கிய பட்டாசு, ஒரு நேரத்தைத் தொட்டாள். பச்சை வட்டம் பளிச்சென்று வந்தது. அவள் முகம் செத்துப்போனது.

“இது நான் செஞ்சது.”

“என்னடி சொல்ற?”

“பாடத்துக்குன்னு சார் செய்யச் சொன்னாரு. வித்துட்டாரு போல. பட்டனைத் தொட்டதும் பச்சை காட்டு, பதிலுக்குக் காத்திருந்தா பார்க்க நல்லா இருக்காதுன்னாரு. ஒரே நேரத்தை ரெண்டு பேர் தொட்டா, சர்வர் ஒருத்தருக்கு இல்லன்னு சொல்லும். அந்த ‘இல்ல’யை என் பக்கம் காதுல வாங்கவே இல்லக்கா.”

“கேட்காம எப்படிடி உறுதின்னு எழுதுன?”

வாழ்க்கையில் முதல்முறையாகப் பட்டாசு நமுத்துப்போய் நின்றது.

மறுநாள் இருவரும் மாடி ஏறினார்கள். பட்டாசு இரவோடிரவாகத் திருத்தியிருந்தாள்.

“சார், இதை மாத்தி வைங்க. பதில் வர்ற வரைக்கும் ‘கேட்டுக்கொண்டிருக்கிறோம்’னு காட்டும். சர்வர் சரின்னாத்தான் பச்சை. இல்லைன்னா வேற நேரம் கேட்கும்.”

“இப்ப மாத்துனா டாக்டர் ஏன்னு கேட்பாங்க. நெட்வொர்க் கோளாறுன்னு சொல்லிக்கலாம்மா. உனக்கு இன்டர்வியூ வருது, அதைப் பாரு.”

“படியில உட்கார்ந்து அழுதாரே ஒரு பெரியவர், அவர்கிட்ட வந்து சொல்லுங்க நெட்வொர்க் கோளாறுன்னு!” என்றாள் மூத்தவள்.

சார் மூத்தவளைப் பார்த்தார். “இந்தம்மா யாரு, புது ஸ்டூடன்ட்டா?”

வகுப்பு சிரித்தது. மூத்தவள் புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டாள். பட்டாசு வெடித்தது.

“என் அக்கா! நீங்க வித்த பொய்க்கு முன்னாடி தினமும் தரை துடைச்சுட்டு நிக்கிறவங்க. சிரிக்கிறவங்களும் கேளுங்க, நாளைக்கு உங்க பக்கத்தையும் இப்படித்தான் விப்பாரு!”

அங்கிருந்து நேரே மருத்துவமனை. காத்திருந்த அத்தனை பேர் முன்னாலும், பட்டாசு தலைமை மருத்துவரம்மாவை நிறுத்தித் தன் கைபேசியையும் மூத்தவளுடையதையும் அருகருகே வைத்தாள். இரண்டிலும் ஒரே நேரத்தைத் தொட்டாள். இரண்டும் பச்சை காட்டின.

“இதுல ஒண்ணு பொய், டாக்டர். இந்தத் தப்பைச் செஞ்சது நான்தான். திருத்தியும் வெச்சிருக்கேன்.”

மருத்துவரம்மா இரண்டு கைபேசிகளையும் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கத்தை நிறுத்தச் சொன்னார். பெரியவரைத் தானே கூப்பிட்டுப் பார்த்தார். சில நாளில் திருத்திய பக்கம் வந்தது. அதன் அடியில் சாரின் பெயர்தான் இருந்தது.

பட்டாசின் பெயரை வகுப்பிலிருந்து அடித்துவிட்டார்கள். இன்டர்வியூவும் போயிற்று. அன்று மாலை மூத்தவள் விளக்கு முன் நின்று கடவுளோடேயே சண்டை போட்டாள். உண்மை சொன்னவளுக்கு இதுதானா உன் நியாயம் என்று கேட்டாள். வெகுநேரம் கழித்துத்தான் கை கூப்பினாள்.

அதற்குப் பிறகு பட்டாசு யார் தயவும் இல்லாமல் வீட்டிலேயே படித்து, தொலைவில் ஒரு நகரத்தில் சின்ன வேலை ஒன்றைப் பிடித்தாள். குடும்பத்தோடு கிளம்பினாள். பேருந்து உறுமிக்கொண்டு நின்றது. மூத்தவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“நல்லபடியா போய்ச் சேர்ந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுடி. இல்லைன்னா எனக்குத் தூக்கம் வராது.”

பட்டாசு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோபமாகவே சொன்னாள்: “இறங்குனப்புறம்தான் சொல்வேன். உங்க மனசு ஆறட்டும்னு முன்கூட்டியே சொல்ல மாட்டேன். பதில் வரலைன்னா, நான் இன்னும் வழியில இருக்கேன்னு நினைச்சுக்கோங்கக்கா.”