வெந்தய டப்பாவில் இருந்த மாத்திரைகள்

தன் பெண்டாட்டிக்கு எந்த நோயும் இல்லை என்பதில் குணசேகரன் ரொம்ப உறுதியாக இருந்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் மணிமேகலை பத்து நாள் பொட்டுத் தூக்கம் இல்லாமல், கிணற்றுக்குள்ளிருந்து யாரோ தன்னைத் திட்டுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்திருந்தாளே, அப்போதும் அவன் அதையேதான் சொன்னான். "கொழுப்பு. வேற ஒன்னுமில்ல." பேயோட்டுகிற கோடாங்கியிடம் கூட்டிப்போய் வேப்பங்குழையால் அடிக்க வைத்தான். அவள் முதுகுதான் தடித்தது. திட்டுகிற குரல் நிற்கவில்லை.

கடைசியில் கிராம நர்ஸ் பேச்சைக் கேட்டு அவளாகவே பஸ் ஏறிப் புதுக்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். மனநலப் பிரிவில் இருந்த டாக்டரம்மா அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, காலைக்கு ஒன்று ராத்திரிக்கு ஒன்று என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒன்றரை மாதத்தில் குரல் அடங்கிப்போனது. சோறு ருசித்தது. மகள் தர்ஷினிக்கு ரெட்டைச் சடை பின்னிவிட உடம்பில் தெம்பு வந்தது.

அந்த நேரத்தில்தான் குணசேகரன் மாத்திரை அட்டையைக் கண்டுபிடித்தான். அட்டையைக் குப்பைக்குழியில் வீசினான், ஆஸ்பத்திரிச் சீட்டைக் கிழித்து அடுப்பில் போட்டான்.

"பைத்தியக்கார மாத்திரையெல்லாம் என் வீட்டுக்குள்ள வரப்படாது. கல்யாணத்துக்கு எனக்கு ஒரு தங்கச்சி நிக்கிறா, ஞாபகம் வச்சுக்க."

மாத்திரை நின்ற எட்டாம் நாள் கிணறு மறுபடி பேச ஆரம்பித்தது. அவள் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. இந்த மாத்திரை தனக்கு வேண்டும், ஆனால் இந்த வீட்டில் வைக்க முடியாது, அவ்வளவுதான் என்று முடிவு செய்துகொண்டாள்.

திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அவர்கள் ஊர் ஆரம்பப் பள்ளியில் மணிமேகலைதான் சத்துணவு சமையலர். எழுபத்தாறு பிள்ளைகள். தர்ஷினியும் அங்கேதான் மூன்றாம் வகுப்பு படித்தாள். அந்தப் பள்ளிச் சமையலறையில், மேல் பலகையில், யாரும் தொடாத வெந்தய டப்பாவுக்குள் மணிமேகலை மாத்திரைகளை வைத்தாள். அடுப்புப் பற்ற வைத்ததும் காலை மாத்திரையைப் போட்டுக்கொள்வாள். சாயங்காலம் போகும்போது ராத்திரி மாத்திரை ஒன்றை, லீவு நாள் வந்தால் அதற்கும் சேர்த்து, முந்தானையில் முடிந்துகொள்வாள். மாதம் ஒருமுறை ஒன்றிய ஆபீஸுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் புதுக்கோட்டைக்குப் போய் வருவாள். மாத்திரை போட்டுத் தருகிற கவரிலும் புதுச் சீட்டிலும் அவள் பெயர் எழுதியிருக்கும் என்பதால், திரும்பி வரும்போது இரண்டையும் பஸ் ஜன்னல் வழியாகக் கிழித்துப் போட்டுவிடுவாள். அது எவ்வளவு பெரிய தப்பு என்று அவளுக்குத் தெரியாது. சொந்த உயிரைத் திருட்டுப் பொருள் மாதிரி ஒளித்து வைக்க வேண்டிய நிலைமையில் இருக்கிறவளிடம் போய்ப் புத்திசாலித்தனத்தை எதிர்பார்ப்பவர்கள் எதிர்பார்த்துக்கொள்ளட்டும்.

ரெண்டரை வருஷம் இப்படி நல்லபடியாக ஓடியது.

போன ஐப்பசியில் ஒரு வாரம் விடாத மழை. வியாழக்கிழமை காலையில் வெயில் தலைகாட்டியது. உதவியாளர் முனியாயி, டப்பாக்களில் வண்டு விழுந்திருக்கும் என்று எல்லாவற்றையும் முற்றத்துக்குக் கொண்டுபோய் முறத்தில் கொட்டினாள். வெந்தயத்தோடு மாத்திரை அட்டைகள் நாலு விழுந்தன.

முனியாயி கெட்டவள் இல்லை. நாலு வருஷமாக மணிமேகலையோடு ஒரே தட்டில் தின்றவள். பின்பக்கக் குழாயடியில் அரிசி களைந்துகொண்டிருந்தவளைக் கூப்பிட்டு, "ஏத்தா, இது என்ன?" என்று கேட்டிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் முனியாயி அட்டைகளைக் கையில் ஏந்திக்கொண்டு நேராகக் கேட்டுக்குப் போனாள். பிள்ளைகளை விட வந்த அம்மாக்கள் நாலைந்து பேர் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள்.

பிள்ளைகள் சோற்றில் மாத்திரை கலக்கிறாள் என்று பேச்சுப் பரவி, அரை மணி நேரத்தில் பள்ளிக்கூட முற்றத்தில் ஐம்பது பேர். சாம்பாருக்கு வெந்துகொண்டிருந்த பருப்பை யாரோ அண்டாவோடு கவிழ்த்துவிட்டார்கள். ஒருத்தி தன் மகனின் வாய்க்குள் விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்துக்கொண்டிருந்தாள். அவன் முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்டது எப்போதோ செரித்துப் போயிருக்கும்.

தலைமை ஆசிரியர் ஆனந்தராஜ் முதல் வேலையாகக் கேட்டைப் பூட்டினார். விஷயம் வெளியே போகக்கூடாது என்பதில் அவருக்கு எப்போதும் குறி.

"மணிமேகலை, இது யாரோடது?"

"என்னோடதுதாங்க சார். நான் சாப்பிடுற மாத்திரைங்க. எனக்கு மனசு சரியில்லாம இருந்துச்சு. பெரியாஸ்பத்திரில குடுத்தாங்க."

"சீட்டு இருக்கா?"

"இல்லங்க சார். மொதச் சீட்ட எரிச்சுட்டாங்க, மத்தத நானே கிழிச்சுப் போட்டுட்டேன். ஆஸ்பத்திரில எம்பேரு எழுதி வச்சிருப்பாங்க, கேட்டுப் பாருங்க."

"ஒன் மாத்திரைய வீட்ல வைக்காம சத்துணவு ரூம்ல எதுக்குடி வச்ச?" என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒருத்தி கத்தினாள். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டியவன் அப்போதுதான், தகவல் கேட்டு, தான் ஓட்டுகிற தண்ணீர் கேன் லோடு ஆட்டோவைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு இறங்கிக்கொண்டிருந்தான்.

மணிமேகலைக்கு அவனைப் பார்த்ததும் உயிர் வந்தது. என்ன இருந்தாலும் புருஷன். ஒரே ஒரு வார்த்தை, 'ஆமா, அவளோடதுதான்' என்று சொல்லிவிட்டால் போதும். வேலை போனாலும் போகட்டும். பிள்ளைகளுக்கு விஷம் வைத்தவள் என்ற பேர் வராது.

"குணசேகரா, ஒன் சம்சாரம் மனநோய்க்கு மாத்திரை சாப்புடுதாமே, உண்மையா?" என்று பூட்டைத் திறந்து அவனை உள்ளே விட்டபடியே தலைமை ஆசிரியர் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆவுடையார்கோவிலிலிருந்து அவன் தங்கச்சி புவனேஸ்வரியைப் பெண் பார்க்க வருகிறார்கள். அண்ணன் பெண்டாட்டி பைத்தியம் என்று தெரிந்தால் வாசலோடு திரும்பிப் போவார்கள். அவன் யோசித்தது அதை மட்டும்தான், அதற்கு அடுத்தது என்ன என்பதுவரை அவன் புத்தி போகவில்லை.

"எவன் சொன்னது? என் பொண்டாட்டிக்கு ஒரு நோயும் கெடையாது சார். குத்துக்கல்லாட்டம் இருக்கா. இந்த மாத்திரைய நான் கண்ணால பாத்ததே இல்ல."

அவளுக்கு நோய் இல்லை என்றால் மாத்திரை யாருக்கு என்று ஒரே நிமிஷத்துக்குள் கூட்டத்தில் எல்லோரும் கணக்குப் போட்டு முடித்துவிட்டார்கள்.

"ஏங்க, ஒங்க மக மேல சத்தியமா சொல்லுங்க," என்றாள் மணிமேகலை. அவன் ஆட்டோ டயரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த இடத்திலேயே அவன் செத்து விழக்கூடாதா என்று அவளுக்கு இருந்தது. அப்படி நினைத்ததற்காக அவள் பிறகு ஒருநாளும் வருத்தப்படவில்லை.

"நீ சாப்புடுறதுன்னா இப்ப எங்க கண்ணு முன்னாடி போட்டுக்காட்டு," என்றான் வார்டு மெம்பர் கண்ணுசாமி.

"இது ராத்திரி மாத்திரைங்க. போட்டா தூக்கம் வந்துரும்."

"பாத்தீகளா, நழுவுறா!"

அவள் அட்டையை வாங்கி ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டாள். "ஒன்னு பத்தாது. புள்ளைகளுக்கு ஒன்னா போட்டிருப்ப?" என்றான் கண்ணுசாமி. ரெண்டாவதையும் போட்டுத் தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். இனிமேலாவது நம்புவார்கள் என்று நினைத்தாள்.

காலையிலிருந்து வெறும் வயிறு. முக்கால் மணி நேரத்தில் நாக்குத் தடித்தது. என்னவோ சொல்ல வாயெடுத்தாள், பாதி வார்த்தைதான் வந்தது. சுவரில் சாய்ந்தவள் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். கண் சொருகியது. நான் நல்லாயிருக்கேன் என்று எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று பல்லைக் கடித்து முயன்றாள். கடைவாயில் எச்சில்தான் வழிந்தது.

"ஐயோ, பெரிய மனுஷிக்கே இந்தக் கதின்னா பிஞ்சுப் புள்ளைக என்னாகும்!" என்று முனியாயி நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

போலீஸுக்குப் போக யாருக்கும் இஷ்டமில்லை. பேப்பரில் வந்தால் ஊர் பேர் கெடும், தலைமை ஆசிரியருக்குப் பதில் சொல்லி மாளாது, குணசேகரனுக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டு விலகுவதாக ஆனந்தராஜ் தன் கையாலேயே ஒரு காகிதம் எழுதினார். குணசேகரன் பெண்டாட்டியின் தோளை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள, பேனாவை அவள் விரலில் சொருகினார்கள். கோணல்மாணலாக ஒரு கையெழுத்து விழுந்தது. மிச்ச மாத்திரைகளைச் சமையலறை அடுப்பிலேயே போட்டு எரித்தார்கள். பிறகு ஆளாளுக்குக் குணசேகரன் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். "பாவம்ப்பா நீ, எப்படித்தான் குடும்பம் நடத்துனியோ!"

மணிமேகலை கண் விழித்தபோது கந்தர்வக்கோட்டைப் பக்கம் தன் அம்மா பிரகதாம்பாள் வீட்டில் கிடந்தாள். யாரோ ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். தர்ஷினியை அனுப்பவில்லை.

"பேசாம வாய மூடிக்கிட்டு அவன் மாத்திரைய எறிஞ்சப்பவே விட்டிருந்தா இந்த அசிங்கம் வந்திருக்குமாடி?" என்றாள் அம்மா. பெற்றவள் வாயிலிருந்து வந்தது இதுதான்.

சனிக்கிழமையே அவள் புதுக்கோட்டைக்குப் போய் மாத்திரை வாங்கி வந்துவிட்டாள். அந்தப் பிடிவாதம் மட்டும் அவளிடம் மிச்சமிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆவுடையார்கோவில்காரர்கள் வந்தார்கள், பெண்ணைப் பிடித்துப்போய்ப் பூ வைத்துவிட்டுப் போனார்கள். அண்ணன் பெண்டாட்டி எங்கே என்று கேட்டதற்கு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போயிருக்கிறாள் என்றானாம் குணசேகரன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் ஏழாவது தடவையாகக் குணசேகரனுக்குப் போன் அடித்தபோது தர்ஷினி எடுத்தாள். சாப்பிட்டியா, சடை யார் பின்னிவிட்டா என்று மணிமேகலை தட்டுத் தடுமாறிக் கேட்டாள். பிள்ளை வேறொன்று கேட்டது.

"அம்மா, எனக்குப் போட்ட சோத்துலயும் அதப் போட்டியாம்மா?"

"இல்லடா தங்கம். அம்மா யாருக்கும் ஒன்னும் போடலடா. அது அம்மாவோட மாத்திரை."

"நீ இல்லைன்னுதான் சொல்லுவியாம். அப்பா சொன்னாரு," என்று சொல்லிவிட்டுப் பிள்ளை போனை வைத்துவிட்டது.